சிஆர்பி அறிக்கையை வாசிப்பது எப்படி?

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் நம் ஊர் லேப்களில் எடுக்கப்படும் பரிசோதனைப் பட்டியலில், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, டெங்கு, டைபாய்டு ஆகியவற்றோடு சிஆர்பியும் இப்போது வழக்கமாக இடம்பெறுகிறது. மூட்டுவலி என்று போனால் ஆர்ஏ, ஏஎஸ்ஓ இரண்டுக்கும் துணையாக வருகிறது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதயத்துக்கானது என்ற பெயரில் இதன் நுண்ணளவு வடிவம் இருக்கிறது. அறிக்கை கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் ஓர் எண் தெரியும். எதிரே, இயல்பு அளவு 5க்கோ 6க்கோ கீழ் என்று அச்சாகியிருக்கும். எண் 48 என்றால் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: “உடம்புல கிருமி இருக்கா?”

அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல இந்தப் பரிசோதனையால் முடியாது. உடலில் சேதமோ அழற்சியோ எவ்வளவு தீவிரமாக நடக்கிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்பதை அது நன்றாகச் சொல்லும். எதனால், எங்கே என்று கேட்டால் மௌனம்தான். தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் தெரிவது இது: சிஆர்பியின் பயன் அந்த எண்ணில் பாதிதான், மீதிப் பாதி, அந்த எண்ணை யாரிடம், நோயின் எந்த நாளில், எந்தச் சந்தேகத்தோடு எடுத்தோம் என்பதில் இருக்கிறது.

நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நியூமோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ‘சி’ என்னும் சர்க்கரைப் பொருளோடு நோயாளியின் சீரத்தைக் கலந்தால் வீழ்படிவு உண்டானது. நோய் தணிந்ததும் அதே நோயாளியின் சீரத்தில் அந்த வினை மறைந்துபோனது. எதிர்ப்புரதமாக இருந்தால் குணமான பிறகு கூடவேண்டும். இது நேர்மாறாக நடந்தது. வேறு பாக்டீரியாத் தொற்றுகளிலும் ருமாட்டிக் காய்ச்சலிலும்கூட இந்த வினை தென்பட்டது. ஆக, இது நியூமோகாக்கஸுக்கு மட்டும் உரியதல்ல என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி.

‘சி’யோடு வினைபுரிந்த இந்தப் பொருள்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சிஆர்பி. 1941இல் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகம் இது ஒரு புரதம் என்று காட்டியது. மூன்றே ஆண்டுகளில் மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று நிறுவியதும் அதே ஆய்வகம். பிறகு ருமாட்டிக் காய்ச்சல் அடங்கிவிட்டதா என்று பார்க்க மருத்துவர்கள் சிஆர்பியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்த நோயைக் கண்டறிவதற்கான ஜோன்ஸ் விதிகளில் இன்றும் அதற்கு ஒரு சிறு இடம் உண்டு.

கல்லீரல் எழுதும் கணக்கு

உடலில் எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால் அங்குள்ள தற்காப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியிடுகின்றன. அவை கல்லீரலை எட்டியதும் அது சிஆர்பியைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வளையமாக அமைந்த புரதம் இது. பாஸ்போகோலின் என்ற மூலக்கூறு வெளித்தெரியும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, மற்றத் தற்காப்புப் புரதங்களை அங்கே அழைக்கிறது.

பாஸ்போகோலின் நியூமோகாக்கஸின் சுவரில் இருக்கிறது. சிதைந்த நம் சொந்த உயிரணுக்களின் சவ்விலும் அதுவே வெளிப்படுகிறது. அதாவது கிருமியையும் நம் உடலின் சேதமடைந்த திசுவையும் இந்தப் புரதம் ஒரே வகையில் அடையாளம் காண்கிறது. கிருமியா, காயமா என்று நாம் அதனிடம் எதிர்பார்க்கும் வேறுபாடு அதன் வேலையிலேயே இல்லை.

காலக்கணக்கு இதைவிட முக்கியமானது. தூண்டுதல் தொடங்கிச் சுமார் 6 மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கும். ஏறத்தாழ 36 முதல் 50 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். ரத்தத்தில் இதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 19 மணி நேரம். அந்த வேகம் நோயிலும் ஆரோக்கியத்திலும் மாறுவதில்லை. எப்போதும் ஒரே அளவு மதகு திறந்திருக்கும் அணையில் நீர்மட்டம் ஏறினால் வரத்து கூடிவிட்டது என்று பொருள். அதுபோல ரத்தத்தில் சிஆர்பி ஏறினால் கல்லீரலின் உற்பத்தி கூடியிருக்கிறது, இறங்கினால் தூண்டுதல் தணிந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வேறு பல ரத்தக் குறியீடுகளுக்கு இல்லாத தெளிவு இது.

இதே காலக்கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. காய்ச்சல் தொடங்கிய ஆறாவது மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சிஆர்பி 4 என்று வந்தால், தொற்று இல்லை என்று ஆகிவிடாது. குடல்வால் அழற்சியின் முதல் சில மணி நேரத்தில் வயிறு வலியில் துடிக்கும்போதும் சிஆர்பி இயல்பாக இருக்கக்கூடும். மறுநாள் அதே ஆளிடம் 90 வரலாம்.

எண்ணுக்கு முன் அலகு

அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியது அலகு. சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். ஓரிடத்தில் 4.8 என்று வந்ததும் இன்னோரிடத்தில் 48 என்று வந்ததும் ஒரே அளவாக இருக்கலாம். அலகைப் பார்க்காமல், நேற்றைக்கு இன்று பத்து மடங்கு ஏறிவிட்டது என்று பதறுவதும், இறங்கிவிட்டது என்று நிம்மதியடைவதும் நடக்கக்கூடியவை. இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்தான்.

அடுத்தது, அளந்த முறை. எதிர்ப்புரதம் பூசிய லேடெக்ஸ் துகள்களோடு சீரத்தைக் கண்ணாடித் தகட்டில் கலந்து, திரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது சிறு லேப்களின் பழைய முறை. பெரும்பாலும் 6க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். மேலும் அளக்க, சீரத்தைப் பாதிபாதியாக நீர்க்கச் செய்வார்கள். அதனால் முடிவு 6, 12, 24, 48 என்று இரட்டிப்பாகத்தான் வரும். இந்த முறையில் 24 என்பது மறுநாள் 48 ஆனால் ஒரே ஒரு படி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அளவு மிக அதிகமாக இருக்கும்போது, நீர்க்காத சீரம் திரியாமல் நெகட்டிவ் என்று ஏமாற்றுவதும் உண்டு. ஒளிச்சிதறலைக் கருவியால் அளக்கும் இன்றைய முறைகள் துல்லியமான எண்ணைத் தருகின்றன. நாளுக்கு நாள் ஒப்பிட வேண்டுமானால் ஒரே லேபில், ஒரே முறையில் எடுப்பதே நல்லது.

எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு?

நலமாக இருப்பவர்களில் பாதிப் பேருக்கு சிஆர்பி 1க்கும் கீழே இருக்கும். பெரும்பாலோருக்கு 3ஐத் தாண்டாது. 3 முதல் 10 வரையிலானது ஒரு மங்கலான பகுதி. உடல் பருமன், புகைபிடித்தல், ஈறு நோய், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, லேசான சளி ஆகிய எதுவும் இந்த அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். கொழுப்புத் திசுவே இன்டர்லூகின்-6ஐச் சுரக்கிறது என்பதால், பருமனான ஒருவருக்கு 7 என்று வந்தால் அதற்காக நோயைத் தேடி அலையவேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

10 முதல் 40, 50 வரை வைரஸ் காய்ச்சலும் வரும், தொடக்க நிலையில் உள்ள பாக்டீரியாத் தொற்றும் வரும், மூட்டழற்சியும் வரும். குழப்பம் அதிகம் நிகழ்வது இங்கேதான். அதனாலேயே இந்த இடைநிலை எண்ணை வைத்து மட்டும் முடிவெடுப்பது ஆபத்து. 100ஐத் தாண்டினால் பாக்டீரியாத் தொற்றுக்கான வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. சில நூறுகளைத் தொட்டால் இன்னும் கூடுகிறது. அப்போதும் பெரிய அறுவை சிகிச்சை, கடும் கணைய அழற்சி, ரத்தநாள அழற்சி, சில புற்றுநோய்கள் ஆகியவை பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும்.

எண் குறைவாக இருந்து ஏமாற்றும் நோய்களும் உண்டு. லூபஸ் நோயில் உடல் முழுக்க அழற்சி இருந்தும் சிஆர்பி பெரும்பாலும் அதிகம் ஏறுவதில்லை. அதனால் லூபஸ் நோயாளிக்குக் காய்ச்சலோடு சிஆர்பி வெகுவாக ஏறியிருந்தால், நோய் முற்றியதா என்று பார்ப்பதோடு, தொற்று புகுந்திருக்கிறதா என்றும் அவசியம் தேடுவார்கள். பெருங்குடல் புண் நோயில் ஏறுவதைவிட கிரோன் நோயில் அதிகம் ஏறுகிறது. கல்லீரல் செயலிழந்தவருக்குத் தொற்று இருந்தாலும் புரதத்தைத் தயாரிக்க ஆலை இல்லை. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இன்டர்லூகின்-6இன் வழி அடைபட்டிருப்பதால், நிமோனியா வந்தாலும் சிஆர்பி இயல்பாகவே இருக்கலாம்.

பாக்டீரியாவா, வைரஸா?

மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, பாக்டீரியாத் தொற்றைத் தொற்றில்லாத அழற்சியிலிருந்து பிரித்தறிவதில் சிஆர்பியின் உணர்திறன் 75 சதவீதம், தனித்திறன் 67 சதவீதம் என்று கணக்கிட்டது. அதாவது தொற்று உள்ள நூறு பேரில் 75 பேரைப் பிடிக்கும். தொற்று இல்லாத நூறு பேரில் 33 பேர்மீது தவறாகச் சந்தேகப்படும்.

இந்த எண்களையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சளி, இருமலோடு வரும் ஆயிரம் பேரில் 50 பேருக்குத்தான் பாக்டீரியாத் தொற்று என்று கொள்வோம். எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் உண்மையான பாசிட்டிவ் சுமார் 38. பொய்யான பாசிட்டிவ் சுமார் 313. பாசிட்டிவ் என்று அறிக்கை வாங்கிய ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று. இதே பரிசோதனையை, மருத்துவர் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று சந்தேகப்படும் ஆயிரம் பேருக்குச் செய்தால், 540 பாசிட்டிவில் 375 உண்மை. லேபும் கருவியும் மாறவில்லை. முன்கூட்டி இருந்த சந்தேகம் மட்டுமே மாறியது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே லேபுக்குப் போய் சிஆர்பி எடுத்துக்கொண்டு வருவது ஏன் பயனற்றது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஐரோப்பாவின் பல நாடுகளில் இருமலோடு வந்த 2,820 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்கிறது. அவர்களில் எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியானது 140 பேருக்கு, அதாவது 5 சதவீதம். மூச்சுத்திணறல், காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, நெஞ்சில் கேட்கும் கரகரப்பு, மூக்கொழுகல் இல்லாமை ஆகிய அறிகுறிகளோடு, 30க்கு மேற்பட்ட சிஆர்பியையும் சேர்த்துக்கொண்டபோது கணிப்பு மேம்பட்டது. விலை கூடிய புரோகால்சிடோனின் பரிசோதனை அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை.

ஆன்டிபயாடிக்கைக் குறைக்குமா?

தனியாகக் கண்டறியப் பயன்படாவிட்டாலும், தேவையற்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கும் துணிவை மருத்துவருக்கு இந்த எண் கொடுக்குமா என்பது கடந்த இருபது ஆண்டுகளில் அதிகம் ஆராயப்பட்ட கேள்வி. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, மருத்துவரின் மேசையிலேயே சில நிமிடங்களில் அளவு சொல்லும் கருவிகள் வந்த பிறகு இது சாத்தியமானது. நெதர்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வில், கருவி இருந்த மருத்துவர்கள் மூச்சுத்தொற்று நோயாளிகளில் 31 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்கள் 53 சதவீதத்தினருக்கும் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி வந்தவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஆன்டிபயாடிக் பயன்பாடு 77 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிகளுக்கு அதனால் கேடு நேரவில்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வகுத்த நிமோனியா வழிகாட்டுதல் எளிமையானது. மருத்துவர் பார்த்த பிறகும் ஆன்டிபயாடிக் தேவையா என்று தெளிவில்லாதபோது மட்டும் சிஆர்பி எடுக்கலாம். 20க்குக் கீழ் என்றால் வழக்கமாக மருந்து வேண்டாம். 20 முதல் 100 வரை என்றால், நோய் முற்றினால் மட்டும் வாங்கிக்கொள்ளும்படி மருந்துச் சீட்டு தரலாம். 100க்கு மேல் என்றால் மருந்து கொடுக்கவேண்டும்.

ஆசியாவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். வியட்நாமின் ஹனோய்ப் பகுதிச் சுகாதார நிலையங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பாடு 78 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாகக் குறைந்தது. தாய்லாந்திலும் மியான்மரிலும் காய்ச்சல் நோயாளிகளிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில் குறைவு சொற்பமே. ஆக, கருவி வந்ததும் பழக்கம் தானாக மாறிவிடுவதில்லை. எண் 12 என்று வந்த பிறகும் “எதற்கும் இருக்கட்டும்” என்று மாத்திரை எழுதுகிற, கேட்கிற வழக்கம் தொடர்ந்தால் பரிசோதனைச் செலவு மட்டுமே மிச்சம்.

வெப்பமண்டலக் காய்ச்சல்கள்

ஐரோப்பிய எல்லைக்கோடுகளை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இருமலும் நிமோனியாவும்தான் கேள்வி. இங்கே டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா, உண்ணிக்காய்ச்சல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. டெங்குவில் சிஆர்பி பொதுவாகக் குறைவாகவும், டைபாய்டு, உண்ணிக்காய்ச்சல் போன்ற பாக்டீரியாக் காய்ச்சல்களில் கூடுதலாகவும் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் மலேரியா பாக்டீரியா அல்ல. அதிலும் சிஆர்பி வெகுவாக ஏறும். மலேரியாவைத் தனிப் பரிசோதனையால் விலக்காமல், சிஆர்பி உயர்வை ஆன்டிபயாடிக்குக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த ஆன்டிபயாடிக் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் காய்ச்சலுக்கு அடிக்கடி காரணமாகும் உண்ணிக்காய்ச்சலை, பென்சிலின் வகையோ செஃபலோஸ்போரின் வகையோ தொடாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். சிஆர்பி 150 என்பதைப் பார்த்துவிட்டு விலை உயர்ந்த ஊசியைத் தொடங்குவதைவிட, அக்குளிலும் இடுப்பிலும் மார்புக்கு அடியிலும் உண்ணி கடித்த கருந்தழும்பு இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது நோயாளியைக் காப்பாற்றும்.

காசநோயில் இந்தப் பரிசோதனைக்கு வேறொரு வேலை கிடைத்திருக்கிறது. எச்ஐவி தொற்றோடு இருப்பவர்களில் யாருக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை என்று சலித்தெடுக்க, 5க்கு மேற்பட்ட சிஆர்பியை ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இங்கே அது நோயைப் பெயரிடுவதில்லை. அடுத்த பரிசோதனை யாருக்கு என்று மட்டுமே சொல்கிறது. தன் எல்லைக்குள் சிஆர்பி நன்றாக வேலை செய்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தொடர்ந்து பார்க்கும்போது

ஒற்றை எண்ணைவிட இரண்டு மூன்று எண்கள் சேர்ந்த போக்கு பலமடங்கு பேசும். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாருக்கும் சிஆர்பி ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கவேண்டும். பெருங்குடலை வெட்டி இணைத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று, மூன்றாம் நாளில் 172, நான்காம் நாளில் 124, ஐந்தாம் நாளில் 144 ஆகிய அளவுகளுக்குக் கீழே இருந்தால் இணைப்பில் கசிவு இல்லை என்று 97 சதவீத அளவுக்கு நம்பலாம் என்று காட்டியது. ஆனால் அவற்றைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் கசிவு இருந்தது. ‘இல்லை’ என்று சொல்லும்போது நம்பத்தக்கதாகவும், ‘உண்டு’ என்று சொல்லும்போது ஐயத்துக்குரியதாகவும் இருப்பது சிஆர்பியின் பொதுக்குணம்.

பச்சிளம் குழந்தைகளிடமும் அதே கதை. பிரசவமே முதல் ஓரிரு நாளில் குழந்தையின் சிஆர்பியைச் சற்று ஏற்றிவிடும். பிறந்தவுடன் எடுத்த இயல்பான அளவோ தொற்றை விலக்காது. ஒரு நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் இயல்பாக இருந்து, ரத்த வளர்ப்பில் கிருமி வளராமல், குழந்தையும் நன்றாகப் பால் குடித்தால், தொடங்கிய ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் தைரியம் கிடைக்கிறது. கணைய அழற்சியில் 48 மணி நேரத்தில் 150ஐத் தாண்டினால் நோய் கடுமையாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முடக்குவாதத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று அளக்கும் மதிப்பெண்களில் சிஆர்பியும் ஓர் உறுப்பு.

கோவிட் காலத்தில் இதற்கு ஒரு தெளிவான வேடம் கிடைத்தது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் குறைந்தும் சிஆர்பி 75ஐத் தொட்டும் இருந்த நோயாளிகளுக்கு டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தது. இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. அங்கே எண்ணோடு ஆக்சிஜன் அளவும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானித்தது. அதே நாட்களில், மூச்சுத்திணறல் எதுவுமின்றி வீட்டில் இருந்தவர்கள் தினம் ஒரு சிஆர்பி எடுத்து, அதைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்கியது இந்தப் பாடத்துக்கு நேர் எதிரானது.

இதயத்துக்கான நுண்ணளவு

எச்எஸ்-சிஆர்பி என்பது வேறு புரதம் அல்ல. இதே புரதத்தை மிகக் குறைந்த அளவிலும் துல்லியமாக அளக்கும் முறை. 2003இல் அமெரிக்க அமைப்புகள் 1க்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல் என்று வகுத்தன. 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், கொழுப்பு அதிகமில்லாமல் எச்எஸ்-சிஆர்பி 2க்கு மேல் இருந்த 17,802 பேரில், ரோசுவாஸ்டாடின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. ஆனால் பிறவியிலேயே சிஆர்பி கூடுதலாக இருக்கும் மரபணு வகை கொண்டவர்களுக்கு இதயநோய் கூடவில்லை என்று அதே ஆண்டில் டென்மார்க் ஆய்வு காட்டியது. ரத்தநாள அழற்சிக்கு சிஆர்பி ஒரு சாட்சி, குற்றவாளி அல்ல. காய்ச்சலோ காயமோ இருக்கும்போது எடுத்த எச்எஸ்-சிஆர்பியை இதய ஆபத்துக்காக வாசிப்பதில் பொருளில்லை. 10க்கு மேல் வந்தால், உடல் தேறிய பிறகு மீண்டும் எடுக்கவேண்டும்.

பழைய இஎஸ்ஆரும் புதிய புரோகால்சிடோனினும்

சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகத்தைக் காட்டும் இஎஸ்ஆர், மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் மெதுவாக இறங்கும். ரத்தசோகை, வயது, பாலினம், கர்ப்பம் எல்லாம் அதை மாற்றும். ரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில், குறிப்பாகப் பெண்களிடம், இஎஸ்ஆர் 50 என்பதற்குப் பெரும்பாலும் தனிப்பொருள் கிடையாது. கடுந்தொற்றின் போக்கைப் பார்க்க சிஆர்பியே மேல். லூபஸ் போன்ற இடங்களில் மட்டும் இஎஸ்ஆர் தன் பயனைத் தக்கவைத்திருக்கிறது. புரோகால்சிடோனின் சிஆர்பியைவிட விரைவாக ஏறும், பாக்டீரியாவைச் சற்றுக் கூடுதலாகப் பிரித்தறியும், விலையும் கூடுதல். ஆனாலும் செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 பன்னாட்டு வழிகாட்டுதல், ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க அதை நம்பவேண்டாம் என்றே சொல்கிறது.

இவை எல்லாவற்றிலிருந்தும் திரண்டு வருவது ஓர் ஒழுங்கு. நோயாளியைப் பார்த்து ஒரு சந்தேகம் உருவான பிறகு எடுக்கப்படும் சிஆர்பி, அந்தச் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். தானாக ஒரு சந்தேகத்தை உருவாக்காது. நோய் தொடங்கி ஒரு நாளாவது ஆன பின் வரும் குறைந்த அளவு, உயர்ந்த அளவைவிட நம்பிக்கைக்கு உரியது. ஒரு முறை எடுத்ததைவிட, ஒரே லேபில் ஒரு நாள் இடைவெளியில் இரு முறை எடுத்தது அதிகம் சொல்லும். முடிவு 15 என்றால் என்ன செய்யப்போகிறோம், 150 என்றால் என்ன செய்யப்போகிறோம் என்று ரத்தம் எடுப்பதற்கு முன்பே மருத்துவர் மனத்துக்குள் தீர்மானித்திருக்கவேண்டும். நோயாளியும் அதைக் கேட்கலாம். இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால், அந்தப் பரிசோதனைக்குத் தேவையே இல்லை.